பழைய கேம் பெட்டிக்கு வேறு கன்ட்ரோலர் பொருத்துவது

பேராக் மாநிலத்து வீடுகளில் அலமாரிக்கு மேலே கிடக்கும் பழைய கேம் பெட்டியை இறக்கிப் பார்த்தால், பெரும்பாலும் பெட்டி நன்றாகத்தான் இருக்கும். கன்ட்ரோலர்தான் போயிருக்கும். இழுபட்டது, தரையில் விழுந்தது, வியர்வை குடித்தது எல்லாம் அதுதானே. சுங்கை சிப்புட், தாப்பா, பாகான் செராய் வட்டாரங்களில் ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது, லயத்தை விட்டுத் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் வந்தவர்கள் இந்தப் பெட்டிகளையும் துணி மூட்டையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். பால் வெட்டிச் சேர்த்த காசில், தீபாவளிக்கு முன் வாங்கிய பொருள். கன்ட்ரோலர் இல்லை என்பதற்காக அதைக் குப்பையில் போட வேண்டியதில்லை.

இங்கே இரண்டு பெட்டிகளைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். ஒன்று மைக்ரோ ஜீனியஸ், அதாவது நிண்டெண்டோவின் பேமிகாமைப் பார்த்துத் தைவானில் செய்த பெட்டி. மற்றது பிளேஸ்டேஷன் 2. நம் பக்கத்து வீடுகளில் அதிகம் மிஞ்சியிருப்பவை இவை. வேறு சில பெட்டிகளுக்குக் கடைசியில் சுருக்கமான குறிப்பு உண்டு.

தொடங்குமுன் ஒரே ஒரு விதியை மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பிளக் உள்ளே போகிறது என்பதால் அந்தக் கன்ட்ரோலர் அந்தப் பெட்டிக்கு உரியதாகிவிடாது. ஞாயிற்றுக்கிழமை ஈப்போ பாசார் காராட்டில் (பழைய சாமான் சந்தையில்) ஏதாவதொரு கன்ட்ரோலரைக் கையில் எடுக்கும் தம்பிகள், “சொக்கெட்ல அழகா போய் உக்காருதே அண்ணே, அப்புறம் என்ன?” என்பார்கள். “உக்காரும் தம்பி. எந்தக் கம்பியில கரண்டு வருதுன்னு பாத்தியா?” என்பதுதான் பதில். கன்ட்ரோலர் போனால் இன்னொன்று வாங்கலாம். பெட்டியின் உள்ளே இருக்கும் சில்லு போனால் மாற்றுச் சில்லு எளிதில் கிடைக்காது.

முதலில் பாதுகாப்பு

1. கன்ட்ரோலரைச் சொருகும்போதும் கழற்றும்போதும் பெட்டியை அணைத்துவிடுங்கள். யுஎஸ்பி பழக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியில் சொருகுவது பழைய பெட்டிகளுக்கு ஆகாது.

2. இந்த அத்தியாயத்தில் உள்ள எந்த வேலைக்கும் கேம் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. குறிப்பாகப் பெரிய பிளேஸ்டேஷன் 2-இன் உள்ளேயும், மெலிந்த வகையில் 90000 வரிசையின் உள்ளேயும் சுவர் மின்சாரமே நேராக வந்து இறங்குகிறது. ஒயரைப் பிடுங்கிய பிறகும் அங்குள்ள கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

3. பெட்டியின் பின்புறம் அச்சிட்ட வோல்ட் அளவைப் படியுங்கள். ஜப்பானிலிருந்து பழைய சாமானாக வந்தது என்றால் 100 வோல்ட் என்றிருக்கும். அதை நம் வீட்டுச் சாக்கெட்டில் நேராகச் செருகினால் அந்த நொடியே முடிந்தது. பிளேஸ்டேஷன் 2-இல் ‘எஸ்சிபிஎச்’ என்று தொடங்கும் மாடல் எண்ணின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். 0 என்றால் ஜப்பானுக்குச் செய்தது. 6 என்றால் மலேசியா, சிங்கப்பூர், ஹாங்காங் பகுதிக்குச் செய்தது.

4. மைக்ரோ ஜீனியஸுக்கு வேறு அடாப்டர் போடுவதாக இருந்தால் வோல்ட் மட்டும் ஒத்தால் போதாது. நடுத்துளை கூட்டலா கழித்தலா என்று காட்டும் சிறிய வட்டக் குறி பெட்டியிலும் இருக்கும், அடாப்டரிலும் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அடாப்டரில் சிரிம் தரச்சான்று முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

5. பேராக்கில் பிற்பகல் இடி வழக்கமானது. வானம் இருட்டினால் ஆட்டத்தை நிறுத்தி, சுவரிலிருந்து பிளக்கையும் தொலைக்காட்சியின் ஏரியல் ஒயரையும் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது இடிக்குப் போதாது.

6. ஈயம் பற்றவைக்கிறீர்கள் என்றால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். கையைக் கழுவாமல் எதையும் சாப்பிட வேண்டாம். பற்றுக்கோல் சூடாக இருக்கும்போது பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

பழைய கன்ட்ரோலர் உண்மையிலேயே செத்துவிட்டதா?

புதிதாக வாங்குமுன் அரை மணி நேரம் இதற்குக் கொடுங்கள். நம் ஊர் ஈரத்தில் பாதிக் கோளாறு அழுக்கும் பாசியும்தான்.

1. பின்பக்கத்துத் திருகுகளைக் கழற்றி, எந்தத் திருகு எந்த ஓட்டையில் இருந்தது என்று தாளில் ஒட்டி வையுங்கள்.

2. பொத்தானுக்கு அடியில் இருக்கும் ரப்பர் விரிப்பை எடுங்கள். அதன் அடியில் கறுப்புப் பொட்டுகள் இருக்கும். அவை கார்பன் கலந்தவை, பலகையில் படும்போது மின்சாரத்தைக் கடத்துகின்றன. (இது நம் தோட்டத்துப் பால்மரத்து ரப்பர் இல்லை. பெரும்பாலும் சிலிகோன். அதனால்தான் இத்தனை ஆண்டு இளகாமல் இருக்கிறது.)

3. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுப் பச்சைப் பலகையைத் துடையுங்கள். கறுப்புப் பொட்டுகளை அழுத்தித் தேய்க்க வேண்டாம். கார்பன் உரிந்துவிடும். ஒரே தடவை மெதுவாக ஒற்றி எடுத்தால் போதும்.

4. மல்டிமீட்டரைத் தொடர்பு பார்க்கும் நிலைக்கு மாற்றி, ஒயரின் இரு முனைகளையும் சோதியுங்கள். ஒயர் பெரும்பாலும் கன்ட்ரோலருக்குள் நுழையும் வாயிலிலும் பிளக்கின் கழுத்திலும்தான் முறிந்திருக்கும். சோதிக்கும்போது ஒயரை அந்த இடத்தில் மடக்கிப் பாருங்கள். விட்டுவிட்டுச் சத்தம் வந்தால் முறிவு அங்கேதான்.

பல்லி முட்டை, எறும்புக் கூடு, செத்த கரப்பான் எல்லாம் உள்ளே இருக்கும். அதற்காகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு உயிர் வரவில்லை என்றால் அந்தக் கன்ட்ரோலரைத் தூக்கிப்போடாதீர்கள். அதன் ஒயரும் பிளக்கும்தான் அடுத்த வேலைக்கு மூலதனம்.

மைக்ரோ ஜீனியஸ்: ஐந்து ஒயர்களின் கதை

பேமிகாம் 1983 ஜூலையில் ஜப்பானில் வந்தது. அதில் இரண்டு கன்ட்ரோலர்களும் பெட்டியோடு நிரந்தரமாக இணைந்திருந்தன. அதைப் பார்த்துச் செய்த பெட்டிகள் பலவற்றில் கன்ட்ரோலரைக் கழற்றி மாட்டும் வசதி வந்தது. பலவற்றுக்கு 9 கம்பிச் சாக்கெட், சிலவற்றுக்கு 15 கம்பி. ஆனால் உள்ளே ஓடும் முறை அத்தனைக்கும் ஒன்றே. 5 வோல்ட், தரை, லாட்ச், கிளாக், டேட்டா என ஐந்து ஒயர்கள். பெட்டி லாட்ச் ஒயரில் ஒரு துடிப்பு அனுப்பும். கன்ட்ரோலரில் உள்ள சில்லு அந்த நொடியில் எட்டுப் பொத்தான்களின் நிலையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு கிளாக் துடிக்கத் துடிக்க ஒவ்வொன்றாக டேட்டா ஒயரில் சொல்லும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

*ஏன் எந்த 9 கம்பிக் கன்ட்ரோலரையும் சொருகக் கூடாது*

அட்டாரி ஜாய்ஸ்டிக், சேகா மெகா டிரைவ், மைக்ரோ ஜீனியஸ் வகை மூன்றுக்கும் பிளக் ஒரே வடிவம். கம்பிகளின் வேலைதான் வேறு வேறு. மைக்ரோ ஜீனியஸ் வகைப் பெட்டிகள் பலவற்றில் 6ஆம் கம்பியில் 5 வோல்ட், 8ஆம் கம்பியில் தரை. அட்டாரி ஜாய்ஸ்டிக்கில் 6ஆம் கம்பி சுடும் பொத்தான், 8ஆம் கம்பி தரை. அப்படியானால் அட்டாரி ஜாய்ஸ்டிக்கைச் சொருகிச் சுடும் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும்? பெட்டியின் 5 வோல்ட்டும் தரையும் நேரடியாக மோதும். சொருகியபோது ஒன்றும் ஆகாது, ஆட்டம் தொடங்கும்போதுதான் ஆகும். மெகா டிரைவ் கன்ட்ரோலரில் 5 வோல்ட் 5ஆம் கம்பியில் போக வேண்டும், 6ஆம் கம்பி கன்ட்ரோலர் பதில் சொல்லும் வழி. பதில் சொல்லும் வழியில் மின்சாரத்தை ஏற்றினால் அதன் சில்லு கெடலாம்.

*எது ஒத்துவரும்*

அசல் நிண்டெண்டோ கன்ட்ரோலரும் 1990இல் வந்த சூப்பர் பேமிகாமின் கன்ட்ரோலரும் இதே ஐந்து ஒயர் முறையில்தான் பேசுகின்றன. பிளக் வேறு, பேச்சு ஒன்று. நான் சிபாரிசு செய்வது சூப்பர் பேமிகாம் வகைதான். கைக்கு இதமாக இருக்கும், அந்த வடிவத்தில் புதிய நகல்களும் கிடைக்கின்றன. அதில் உள்ள பி பொத்தான் நம் பெட்டிக்கு ஏ ஆகவும், ஒய் பொத்தான் பி ஆகவும் வேலை செய்யும். மற்ற ஏ, எக்ஸ், எல், ஆர் நான்கும் சும்மா இருக்கும். இது கோளாறு இல்லை. பெட்டி முதல் எட்டுப் பொத்தான்களை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறது.

நகல் வாங்கும்போது அது யுஎஸ்பி பிளக் வைத்ததாக இருக்கக் கூடாது. வெளித்தோற்றம் ஒன்றுதான், உள்ளே இருப்பது கணினிக்கான சில்லு. ஒயரை வெட்டி ஒட்டினாலும் பேசாது.

*செய்முறை*

1. செத்த கன்ட்ரோலரைத் திறந்து, பலகையில் ஒயர்கள் பற்றவைத்திருக்கும் இடத்தைக் கைபேசியில் படம் எடுங்கள். சில பலகைகளில் ஒவ்வோர் ஒயருக்கும் பக்கத்தில் அதன் வேலை அச்சிட்டிருக்கும். பலகையில் 16 கால் கொண்ட 4021 என்ற சில்லு இருந்தால் வேலை இன்னும் எளிது. 16ஆம் காலுக்குப் போவது 5 வோல்ட், 8ஆம் காலுக்குத் தரை, 9ஆம் காலுக்கு லாட்ச், 10ஆம் காலுக்கு கிளாக், 3ஆம் காலிலிருந்து வருவது டேட்டா. மலிவுப் பலகைகளில் சில்லுக்குப் பதில் கறுப்புப் பசைப் பொட்டுதான் இருக்கும். அப்போது அடுத்த படிகளை இன்னும் கவனமாகச் செய்யுங்கள்.

2. பிளக்கின் பக்கம் ஒரு சாண் ஒயர் இருக்கும்படி வெட்டுங்கள். ஐந்து ஒயர்களின் முனைகளையும் சீவி, ஓர் அட்டையில் ஒன்றையொன்று தொடாதபடி விரித்து டேப் போட்டு ஒட்டுங்கள். இனி அளக்க வேண்டியதெல்லாம் இந்த அட்டையில்தான். சாக்கெட்டின் உள்ளே மல்டிமீட்டர் ஊசியை விட்டு அளப்பவர்கள் உண்டு. ஊசி சறுக்கி இரண்டு கம்பிகளைத் தொட்டால் எதற்குப் பயந்தோமோ அதுவே நடந்துவிடும்.

3. பெட்டியை அணைத்து, அடாப்டரையும் பிடுங்கிய நிலையில் பிளக்கைச் சொருகுங்கள். மல்டிமீட்டர் தொடர்பு நிலையில் இருக்கட்டும். ஓர் ஊசியைப் பெட்டியின் வீடியோ சாக்கெட்டின் வெளி வளையத்தில் வைத்து, மற்றதை ஒவ்வோர் ஒயராகத் தொடுங்கள். சத்தம் போடுவது தரை.

4. இப்போது பெட்டியில் ஏதாவது ஆட்டத்தைப் போட்டு இயக்குங்கள். மல்டிமீட்டரை நேர் மின்னோட்டத்தில் 20 வோல்ட் அளவுக்கு மாற்றி, தரைக்கும் மற்ற ஒயர்களுக்கும் இடையே அளந்து எழுதுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட ஒயர்கள் 5 வோல்ட்டுக்கு அருகே காட்டலாம். கிளாக்கும் டேட்டாவும் சும்மா இருக்கும்போது அப்படித்தான் இருக்கும். குழம்ப வேண்டாம்.

5. பிரித்தறிய, சந்தேகமான ஒயருக்கும் தரைக்கும் இடையே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்துக்கொண்டு மறுபடி அளங்கள். அளவு அசையாமல் நின்றால் அதுதான் மின்சார ஒயர். இறங்கினால் அது இல்லை. படி 1-இல் பலகை சொன்னதும் இங்கே மீட்டர் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் முன்னே போகாதீர்கள்.

6. பெட்டியை அணையுங்கள். பிளக்கின் கம்பி எண், ஒயரின் நிறம், வேலை மூன்றையும் வரிசையாக எழுதி, அந்தத் தாளைப் பெட்டியின் அடியிலேயே ஒட்டுங்கள். அடுத்த கன்ட்ரோலருக்கு இந்த வேலை மிச்சம்.

7. புதிய கன்ட்ரோலரைத் திறந்து, அதன் ஒயர்களையும் இதே போல் இனம் காணுங்கள். நிறத்தை நம்பாதீர்கள். சிவப்பு என்றால் மின்சாரம் என்று எல்லாரும் நினைப்போம். அசல் சூப்பர் பேமிகாம் (சூப்பர் நிண்டெண்டோ) கன்ட்ரோலரில் சிவப்பு டேட்டா, வெள்ளைதான் 5 வோல்ட். மஞ்சள் கிளாக், ஆரஞ்சு லாட்ச், பழுப்பு தரை. நகல்களில் இந்த வரிசையும் இருக்காது.

8. சுருங்கு குழாயை முதலில் ஒயரில் மாட்டிவிட்டு, வேலைக்கு வேலை ஒத்த ஒயர்களைப் பற்றவையுங்கள். ஐந்து இணைப்புகளையும் ஒரே இடத்தில் வைக்காமல் கொஞ்சம் முன்பின்னாக அமைத்தால் ஒயர் தடிக்காது, ஒன்றோடொன்று உரசாது.

9. சொருகுமுன் கடைசிச் சோதனை. மல்டிமீட்டரை ஓம் நிலைக்கு மாற்றி, பிளக்கில் 5 வோல்ட் கம்பிக்கும் தரைக் கம்பிக்கும் இடையே அளங்கள். சுழிக்கு அருகே காட்டக் கூடாது. அப்படியே வைத்துக்கொண்டு எல்லாப் பொத்தான்களையும் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். எதை அழுத்தினாலும் சுழிக்கு விழக் கூடாது. அட்டாரி ஜாய்ஸ்டிக் செய்யும் கேடு இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும்.

10. பெட்டி அணைந்திருக்கும்போது சொருகி, இயக்குங்கள். மின்விளக்கு மங்கினாலோ திரை வெட்டினாலோ உடனே அணையுங்கள்.

வழக்கமான தவறு: லாட்ச்சும் கிளாக்கும் மாறிப்போவது. பொத்தானைத் தொடாமலே ஆள் ஓடுவான், அல்லது எதை அழுத்தினாலும் ஒன்றே நடக்கும். பெட்டிக்குச் சேதமில்லை. அணைத்து, இரண்டையும் மாற்றிப் போடுங்கள்.

குறிப்பு: மைக்ரோ ஜீனியஸோடு வந்த துப்பாக்கி பழைய டப்பா டிவியில்தான் வேலை செய்யும். தட்டைத் திரையில் எந்த இணைப்பானைப் போட்டாலும் சுடாது. அதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம்.

பிளேஸ்டேஷன் 2: வாங்கும்போதே பாதி வேலை

இங்கே ஒயரை வெட்டும் தேவை அநேகமாக இல்லை. சரியான இணைப்பானை, அதாவது வேறு கன்ட்ரோலரைப் பெட்டியின் சாக்கெட்டோடு சேர்க்கும் கருவியை, வாங்கினால் முடிந்தது. தவறெல்லாம் வாங்கும் இடத்தில்தான் நடக்கிறது.

முதல் பிளேஸ்டேஷனின் கன்ட்ரோலர் இதில் நேராகப் பொருந்தும், பல ஆட்டங்களும் ஓடும். ஆனால் பிளேஸ்டேஷன் 2-இன் சொந்தக் கன்ட்ரோலரில் பொத்தானை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதும் கணக்கு. பழைய கன்ட்ரோலருக்கு அழுத்தினாயா இல்லையா என்பது மட்டுமே தெரியும். ‘மெட்டல் கியர் சாலிட் 2’-இல் சதுரப் பொத்தானை மெதுவாக விட்டால் துப்பாக்கியைத் தாழ்த்துவான், சட்டென்று விட்டால் சுட்டுவிடுவான். அழுத்தம் தெரியாத கன்ட்ரோலரில் அந்த நுணுக்கம் வராது. இணைப்பான் வழியாக வரும் புதிய கன்ட்ரோலர்களுக்கும் இதே குறை உண்டு. ‘வின்னிங் இலெவன்’ மட்டும் ஆடப்போகிறவர்களுக்கு இது பெரிய பிரச்சினையாக இருக்காது.

முன்பக்கத்தில் இரண்டு யுஎஸ்பி சாக்கெட் இருக்கிறதே என்று கணினிக் கன்ட்ரோலரை அதில் சொருகிப் பார்ப்பவர்கள் ஏராளம். வேலை செய்யாது. ‘கிரான் டூரிஸ்மோ’வின் ஸ்டீயரிங், ‘ஐடாய்’ கேமரா போன்று, ஆட்டமே கேட்கும் சில கருவிகளுக்குத்தான் அந்தச் சாக்கெட் பயன்படுகிறது.

*வாங்குமுன் பார்க்க வேண்டியவை*

1. திசை. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் இணைப்பான், பிளேஸ்டேஷன் 2 கன்ட்ரோலரைக் கணினியில் போடுவதற்கானது. நமக்கு வேண்டியது நேர் எதிர். இணைப்பானில் பெட்டிக்குள் போகும் 9 கம்பிப் பிளக் இருக்க வேண்டும். கன்ட்ரோலர் பிளக்கை வாங்கிக்கொள்ளும் அகன்ற வாய் இருந்தால் அது மற்றது. இணையத்தில் வாங்குகிறவர்கள் தலைப்பை நம்பாமல் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே பெயரைப் போட்டு விற்கிறார்கள்.

2. இடம். கன்ட்ரோலர் சாக்கெட்டுக்கு நேர் மேலே நினைவு அட்டையின் வாய் இருக்கிறது. தடித்த இணைப்பான் அதையோ பக்கத்து ஆட்டக்காரரின் சாக்கெட்டையோ மறைத்துவிடும். இருவர் ஆடும் வீடு என்றால் மெல்லியதாக வாங்குங்கள்.

3. எந்தக் கன்ட்ரோலருக்கு. இணைப்பான் புளூடூத் வகையானால் உங்கள் கன்ட்ரோலரில் புளூடூத் இருக்க வேண்டும். எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலரின் முதல் வகைகளில் அது இல்லை. எக்ஸ்பாக்ஸ் சின்னத்தைச் சுற்றி மேலே பளபளப்பான தனித் துண்டு இருந்தால் அது புளூடூத் இல்லாதது. முகப்பு முழுதும் ஒரே துண்டாகச் சின்னத்தைச் சுற்றி ஓடினால் இருக்கிறது.

எய்ட்பிட்டோ, புரூக் ஆகிய நிறுவனங்களின் இணைப்பான்கள் பரவலாகப் பயன்படுத்தப்படுபவை. பெயரில்லாத மலிவு வகையும் ஓடலாம். ஆனால் மென்பொருளைப் புதுப்பிக்கும் வசதி அவற்றில் அரிது. நாளை புதுக் கன்ட்ரோலர் வந்தால் அது தெரியாமல் விழிக்கும்.

*இணைக்கும் வரிசை*

1. இணைப்பானுக்கு மென்பொருள் புதுப்பிப்பு இருந்தால் கணினியில் முதலில் அதைச் செய்யுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு மணிக்கணக்கில் போராடுவது வழக்கமாகிவிட்டது.

2. பெட்டியை அணைத்த நிலையில், 1ஆம் ஆட்டக்காரர் சாக்கெட்டில் இணைப்பானைச் சொருகுங்கள்.

3. வீட்டில் பிளேஸ்டேஷன் 4 இருந்தால் அதன் மின்பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். இல்லாவிட்டால் கன்ட்ரோலர் பழைய சொந்தத்தைத் தேடி அதனோடு போய் இணைந்துகொள்ளும்.

4. பெட்டியை இயக்கி, இணைப்பானின் இணைப்புப் பொத்தானை அழுத்துங்கள்.

5. பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலரில் ‘ஷேர்’ பொத்தானையும் பிஎஸ் பொத்தானையும் சேர்த்து, விளக்கு வேகமாகச் சிமிட்டும்வரை பிடியுங்கள். பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலரில் ‘கிரியேட்’ பொத்தானும் பிஎஸ் பொத்தானும். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் மேல்விளிம்பில் உள்ள இணைப்புப் பொத்தான்.

6. முதல் பிளேஸ்டேஷனின் ஆரம்பகால ஆட்டங்கள் அசையவில்லை என்றால் அனலாக் நிலையை அணையுங்கள். அனலாக் குச்சி வைத்த கன்ட்ரோலர் வருவதற்கு முன் செய்த ஆட்டங்களுக்கு அந்த மொழி தெரியாது.

குறிப்பு: கன்ட்ரோலர் தாமதமாகப் பதில் சொல்கிறது என்று இணைப்பானைத் திட்டுமுன் தொலைக்காட்சியின் அமைப்புகளில் ‘கேம்’ நிலையைப் போடுங்கள். தட்டைத் திரை படத்தை அழகுபடுத்தச் செலவிடும் நேரம் நல்ல இணைப்பானின் தாமதத்தைவிட அதிகம்.

*கையால் செய்ய விரும்புகிறவர்களுக்கு*

‘புளூரெட்ரோ’ என்ற திறந்த மூல மென்பொருள் இருக்கிறது. அதை ஈஎஸ்பி32 என்ற சிறு மின்னணுப் பலகையில் ஏற்றினால் புளூடூத் கன்ட்ரோலரைப் பிளேஸ்டேஷன் 2 மட்டுமல்ல, பேமிகாம், மெகா டிரைவ் என்று பல பழைய பெட்டிகளிலும் பயன்படுத்தலாம். மூன்று எச்சரிக்கைகள் மட்டும்.

பலகை முதல் தலைமுறை ஈஎஸ்பி32 ஆக இருக்க வேண்டும். எஸ்3, சி3 என்று முடியும் புதிய வகைகள் ஆகாது. அவற்றில் பழைய முறைப் புளூடூத் இல்லை, பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர்கள் அதைத்தான் பேசுகின்றன. புதியது என்பதால் நல்லது என்று வாங்கிவிடாதீர்கள்.

பிளேஸ்டேஷன் 2 சாக்கெட்டின் 3ஆம் கம்பி, கன்ட்ரோலரின் அதிர்வு மோட்டாருக்கானது. அதில் ஏழரை வோல்ட்டுக்கு அருகே வரும். 4ஆம் கம்பி தரை, 5ஆம் கம்பி 3.3 வோல்ட் அளவு. 3ஆம் கம்பி பலகையின் 3.3 வோல்ட் காலைத் தொட்டால் பலகை அங்கேயே முடிந்துவிடும். அந்த ஒயரின் முனையை முதலிலேயே டேப் சுற்றி ஒதுக்கி வையுங்கள். பலகைக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெட்டியின் முன்பக்க யுஎஸ்பி சாக்கெட்டிலிருந்து எடுங்கள், தரையை மட்டும் பொதுவாக இணையுங்கள். புளூடூத் அலை அனுப்பும் வேளையில் பலகை இழுக்கும் மின்சாரம் கன்ட்ரோலர் சாக்கெட்டுக்கு அதிகம்.

மூன்றாவது, மைக்ரோ ஜீனியஸ் போன்ற 5 வோல்ட் பெட்டிகளில் இந்தப் பலகையைப் போடுவதானால் நடுவில் மின்னழுத்தம் மாற்றும் சிறு பலகை ஒன்றை வையுங்கள். ஈஎஸ்பி32 3.3 வோல்ட்டில் ஓடும் சில்லு. இல்லாமலும் ஓடுகிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. சில வெள்ளிக்குக் கிடைக்கும் பாதுகாப்பை ஏன் விட வேண்டும்?

மற்ற பெட்டிகள்

பிளேஸ்டேஷன் 3 தாராளமானது. சாதாரண யுஎஸ்பி கன்ட்ரோலர்கள் பலவற்றை ஏற்கும். ஆனால் நடுவில் உள்ள பிஎஸ் பொத்தான் வேலை செய்யாது. ஆட்டத்திலிருந்து வெளியே வர அசல் கன்ட்ரோலர் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

எக்ஸ்பாக்ஸ் 360 கறாரானது. கன்ட்ரோலருக்குள் அடையாளம் காட்டும் சில்லு இல்லாவிட்டால் ஏற்காது. யுஎஸ்பி பிளக் பொருந்தினாலும் பயனில்லை. அதற்கென்றே செய்த இணைப்பான் வேண்டும்.

பாசார் காராட்டில் வாங்கும்போது

மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, மைக்ரோ ஜீனியஸ் செய்முறையின் படி 9-இல் சொன்ன ஓம் சோதனையை அங்கேயே செய்யலாம். ஒயரின் இரு கழுத்தையும் மடக்கிப் பாருங்கள். அனலாக் குச்சியைச் சுழற்றிவிட்டு விட்டால் தானாக நடுவுக்கு வர வேண்டும். குச்சியின் தலையில் ரப்பர் பிசுபிசுத்தால் பயப்பட வேண்டாம், மாற்று உறை கிடைக்கும். புளூடூத் கன்ட்ரோலர் என்றால் முதுகைத் தடவிப் பாருங்கள். ஓடு பிதுங்கியிருந்தால் உள்ளே பேட்டரி ஊதியிருக்கிறது. என்ன விலை சொன்னாலும் அதை வாங்க வேண்டாம். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் மின்னேற்றாதீர்கள், குத்தாதீர்கள், குப்பை வண்டியில் போடாதீர்கள். மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

செத்த மைக்ரோ ஜீனியஸ் கன்ட்ரோலர் குவியலாகக் கிடந்தால் பிளக் நல்லதாக உள்ள ஒன்றிரண்டை எடுத்து வையுங்கள். அந்தப் பிளக் தனியாகக் கிடைப்பது கடினம்.

வேலை செய்யவில்லை என்றால்

*எந்தப் பொத்தானும் இல்லை:* முதலில் மற்றச் சாக்கெட்டில் போட்டுப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் கோளாறு பெட்டியின் சாக்கெட்டில். கம்பி மடங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் ஆல்கஹால் தொட்ட குச்சியால் துடைத்து, முழுவதும் காயவிட்டு இயக்குங்கள்.

*ஒரு திசை மட்டும் இல்லை:* மைக்ரோ ஜீனியஸில் இது ஒயர்க் கோளாறாக இருக்க வாய்ப்பில்லை. எட்டுப் பொத்தான்களும் ஒரே டேட்டா ஒயரில்தான் வருகின்றன. ரப்பர் விரிப்பையோ பலகையையோ பாருங்கள்.

*கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நிற்கிறது:* புளூடூத் என்றால் கன்ட்ரோலரின் பேட்டரி. ஒயர் என்றால் நீங்கள் பற்றவைத்த இணைப்பில் ஈயம் சரியாக ஒட்டவில்லை. ஒவ்வோர் இணைப்பையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். அசைவதை மறுபடி சூடாக்கி ஒட்டுங்கள்.

*சொருகியதும் பெட்டி அணைகிறது, அல்லது பிளாஸ்டிக் கருகும் வாசம்:* சுவரில் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கன்ட்ரோலரைக் கழற்றுங்கள். இன்னொரு முறை போட்டுப் பார்ப்போம் என்று நினைக்க வேண்டாம். 5 வோல்ட்டுக்கும் தரைக்கும் இடையே ஓம் அளவை எடுங்கள். கன்ட்ரோலரில் குறை இல்லை என்று மீட்டர் சொன்னால், பெட்டியை அடாப்டர் இல்லாமல் ஒரு நாள் வைத்துவிட்டு, எந்தக் கன்ட்ரோலரும் போடாமல் தனியாக இயக்கிப் பாருங்கள். தனியாகவும் வாசம் வந்தால் அது பழுதுபார்ப்பவர் பார்க்க வேண்டிய வேலை. கழற்றிய கன்ட்ரோலரையும் நீங்கள் எழுதி ஒட்டிய ஒயர்த் தாளையும் அவரிடம் சேர்த்தே கொண்டுபோங்கள்.